கால்நடையின் கண்ணும் முதல் நாளும்

(மரக்காணம் வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கு நாம் பன்முறை கூடியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அளவில் மிகச் சிறியது. ஓர் எலுமிச்சம்பழத்தின் பருமனே உடையது. அதுவே மாட்டின் கண். இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். அக்கண் கெட்டால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும் நிலை நமது கடற்கரையில் உண்டு என்பதை நினைத்தால் அவ்வையம் நீங்கும்.

'மாடு' என்னும் சொல்லுக்குச் செல்வம் என்று நம் முன்னோர் பொருள் கொண்டனர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அக்காலத்தில் உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் எருது பூட்டிய வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்றனர். இன்று உப்பு லாரியில் செல்கிறது. ஆயினும் உப்பளத்தில் உழைக்கும் குடும்பத்துக்கும் கால்நடைக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. தை மாதம் முதல் பாத்தி கட்டி, கோடையெல்லாம் உப்பு வாரி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளம் நீரில் மூழ்கிப்போகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளக் கூலி இல்லை. அம்மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது பெரும்பாலும் பசுவின் பாலாலும் ஆடு விற்ற பணத்தாலுமே ஆகும். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டத்தில் ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு 4 ஆடுகள் வீதம் அளிக்கப்பட்டதும் இத்தகைய குடும்பங்களை எண்ணியே.

கடற்கரையில் கண்ணுக்கு வரும் கேடுகள்

நமது பகுதியில் கால்நடைகளின் கண்ணைக் கெடுக்கும் காரணங்கள் பல ஒருங்கே கூடியுள்ளன.

முதலாவது, வெயில். வெண்மணி போன்ற உப்புக் குவியலும் பாத்தி நீரும் சூரிய ஒளியைத் திருப்பி வீசுகின்றன. உப்பு வாருவோர் கண் கூசுவதும் எரிவதும் நாம் அறிந்ததே. அதே ஒளி மாட்டின் கண்ணிலும் படுகிறது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கண்ணின் முன்புறப் படலத்தைப் புண்படுத்தி நோய்க்கிருமிக்கு வழி திறந்துவிடுகின்றன. முகத்திலும் இமையிலும் வெண்மையான தோலுடைய கலப்பின மாடுகளுக்கு இமை ஓரத்தில் புற்றுநோய் தோன்றுவதற்கும் இக்கதிர்கள் ஒரு காரணமாகும். கருமையான இமையுடைய நாட்டு மாடுகளுக்கு இயற்கையே ஓரளவு காப்பு அளித்துள்ளது. மனிதருக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு. மாட்டுக்கு மர நிழலே கண்ணாடி.

இரண்டாவது, ஈ. நோயுற்ற மாட்டின் கண்ணீரைக் குடித்த ஈ அடுத்த மாட்டின் கண்ணில் சென்று அமர்கிறது. மொராக்செல்லா என்னும் நுண்கிருமி இவ்வாறு பரவியே கண்சிவப்பு நோயை உண்டாக்குகிறது. நூல் போன்ற வெண்ணிறக் கண்புழுவைப் பரப்புவதும் ஈயே ஆகும்.

மூன்றாவது, முள்ளும் துரும்பும். ஓடைக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதன் காய்க்காகத் தலையை உள்ளே நுழைக்கும் ஆட்டின் கண்ணில் முள் தைக்கிறது. வைக்கோற் போரை இழுத்துத் தின்னும் மாட்டின் கண்ணில் துரும்பு விழுந்து இமைக்குள் ஒட்டிக்கொள்கிறது. சாட்டையின் நுனி பட்டுக் கண் போன எருதுகளும் உண்டு.

நான்காவது, பசுந்தீவனமின்மை. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

முதல் நாளின் அருமை

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. ஒளி ஊடுருவிச் செல்லவேண்டும் என்பதற்காக அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. தோலில் பட்ட காயம் இரத்த ஓட்டத்தால் விரைவில் ஆறும். இப்படலத்தில் பட்ட காயத்துக்கு அவ்வசதி இல்லை. ஆகவே கண்ணோய் நாள்கணக்கில் காத்திருப்பதில்லை.

கண்சிவப்பு நோய் வளரும் முறையைப் பாருங்கள். முதல் நாள் ஒரு கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்தில் கோடாக ஓடும். மாடு அக்கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வெயிலை விட்டு ஒதுங்கி நிற்கும். தீனி குறையும், கறவையும் குறையும். இரண்டு, மூன்று நாட்களில் கண்ணின் நடுவில் வெண்மையான புள்ளி தோன்றும். அதுவே புண். கவனியாது விட்டால் புள்ளி பெருகிக் கண் முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுக்கும். ஓரத்திலிருந்து சிவந்த நரம்புகள் உள்நோக்கிப் படரும். புண் ஆழமானால் படலம் துளைபட்டுக் கண்ணே உடைந்துபோகும். பல மாடுகள் தழும்போடு தப்புகின்றன; சில பார்வையை அறவே இழக்கின்றன. நீர் வடியும் நாளிலேயே மருத்துவம் செய்தால் பெரும்பாலான கண்கள் பிழைக்கும். வெளுத்த பிறகு செய்தால் தழும்பு எஞ்சும். உடைந்த பிறகு செய்வதற்குக் கண்ணை அகற்றுவதைத் தவிர வேறொன்றும் இல்லை.

சென்ற கோடையில் நமது வட்டாரத்தில் நிகழ்ந்த ஒன்றை ஊர்ப் பெயர் கூறாது சொல்கிறோம். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மையாரின் பசுவுக்குக் கண்ணில் நீர் வடிந்தது. விடியுமுன் உப்பளத்துக்குச் செல்பவர் அவர். மருந்தகம் திறந்திருக்கும் நேரமும் உப்பு வாரும் நேரமும் ஒன்றாக இருந்தன. ஒருநாள் கூலியை இழக்க மனமின்றி, அண்டை வீட்டார் கொடுத்த மீதிக் களிம்பைப் போட்டார். அதுவோ, தோல் அரிப்புக்காக ஒரு கடையில் வாங்கிய ஸ்டிராய்டு கலந்த களிம்பு. எட்டாம் நாள் பசுவைக் கொண்டுவந்தபோது கண் உடைந்திருந்தது. ஒருநாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், பசுவின் விலையில் பாதி போயிற்று. அவரைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஒருநாள் கூலிக்கும் ஒரு கண்ணுக்கும் இடையே தனித்து நின்று முடிவு செய்யுமாறு அவரை ஊரார் விட்டுவிட்டோம் என்பதே நாம் எண்ண வேண்டியது.

கடை மருந்தும் கை மருந்தும்

ஸ்டிராய்டு என்பது பயனுள்ள மருந்தே. மருத்துவர் பார்த்துக் கொடுக்கும்போது அது வீக்கத்தைத் தணிக்கும். ஆனால் கண்ணில் புண் இருக்கும்போது அதை இட்டால் புண் ஆறுவது தடைபடும். கிருமி தடையின்றிப் பெருகும். படலம் கரைந்து துளைபடும். கண்ணில் புண் உண்டா இல்லையா என்பதை வெறுங்கண்ணால் எப்போதும் அறிய இயலாது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் எந்தக் கண் களிம்பையும் கால்நடைக்கு இடலாகாது.

இனி, கை மருந்து. நம் முன்னோர் வைத்தியத்தை இகழ்வது நமது நோக்கமன்று. ஆயினும் சில வழக்கங்களைக் கைவிட்டே ஆகவேண்டும். எருக்கம்பாலையும் கள்ளிப்பாலையும் கண்ணில் விடுவது படலத்தை வேகச்செய்யும். புகையிலையையோ மிளகாயையோ மென்று கண்ணில் துப்புவது புண்ணின் மேல் புண் உண்டாக்கும். கண்ணைச் சுற்றிச் சூடு போடுவதால் வேதனையே மிகும், நோய் தீராது. கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை என்னும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கண் வலிக்கும்போது அது வெளியே தெரியும். அதைக் கெட்ட சதை என்று எண்ணி அறுத்துவிடாதீர்கள். அதுவே கண்ணைத் துடைத்துக் காக்கும் காவலன்.

அவ்வாறாயின் வீட்டில் செய்யத்தக்கது யாது? கொதித்து ஆறிய தூய நீரால் கண்ணைத் தாராளமாகக் கழுவலாம். துரும்போ சுண்ணாம்போ விழுந்திருந்தால் இது உடனே செய்யவேண்டிய முதலுதவி. உப்பு நீரால் கழுவ விரும்பினால் அளவு முக்கியம். 1 லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு என்பது கண்ணீரோடு ஒத்த அளவு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பு விளையும் பாத்தி நீரிலோ ஏறத்தாழ 300 கிராம் இருக்கிறது. உப்பளத்தார் பாமே கருவியை மிதக்கவிட்டு 25 பாகை வந்ததா என்று பார்க்கிறார்களே, அந்நீரைக் கண்ணில் விட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பாத்தி நீரும் வேண்டாம், கடல்நீரும் வேண்டாம். கழுவிய பின் மாட்டை நிழலில் கட்டி, மற்ற மாடுகளிலிருந்து பிரித்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். ஒரு மாட்டின் கண்ணைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடாதீர்கள். தைத்த முள் ஆழமாக இருந்தால் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் கண்ணின் உள்நீர் வெளியேறிவிடும்.

கண் மருத்துவத்தில் நடப்பவை

கால்நடைக்குக் கண் மருத்துவமும் உண்டா என்று வியப்போர் உளர். உண்டு. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாக விளங்குகிறது. அக்கல்லூரி மருத்துவமனையில் கண்ணுக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. நகரமாதலால் அங்கு நாய்களும் பூனைகளுமே மிகுதியாக வருகின்றன. ஆயினும் அங்கு கையாளும் முறைகள் நமது மாடு ஆடுகளுக்கும் பொருந்துவனவே.

மருத்துவர் முதலில் கண்ணைத் தொடுவதில்லை. விலங்கு நடந்து வருவதைப் பார்க்கிறார். எதிலும் முட்டிக்கொள்கிறதா, தலையை ஒரு பக்கம் சாய்க்கிறதா என்று கவனிக்கிறார். பின்னர் இருண்ட அறையில் விளக்கொளியைச் செலுத்திப் பாவை சுருங்குகிறதா என்று காண்கிறார். ஒரு சிறு காகிதத் துண்டை இமைக்குள் வைத்து 1 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளந்து கண்ணீரின் சுரப்பை அறிகிறார். அடுத்து புளோரசின் என்னும் சாயத்தைக் கண்ணில் இட்டுக் கழுவுகிறார். புண் இல்லாத இடத்தில் சாயம் தங்காது. புண் உள்ள இடம் பச்சையாக ஒளிரும். நாம் முன்பு குறிப்பிட்ட களிம்பை இடலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது இப்பச்சை நிறமே. கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்கும் கருவியும் உண்டு. 1851ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகுக்கு அறிவித்த கண்நோக்கிக் கருவியின் வழிவந்த கருவிகளால், விழியின் பின்திரையையும் பார்வை நரம்பையும் நேரே காண்கிறார்கள். கண்புரை விழுந்த நாய்களுக்கு மனிதருக்குச் செய்வது போன்றே அறுவை செய்கிறார்கள்.

மாடுகளுக்கு இவ்வளவு கருவிகள் எப்போதும் தேவைப்படுவதில்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டுக் கண்புழுவைக் கழுவி எடுப்பதும், துரும்பை நீக்குவதும், கிழிந்த இமையைத் தைப்பதும், இமையில் தோன்றிய சிறு கட்டியைப் பரவும் முன் வெட்டி எடுப்பதும் மாட்டை நிற்கவைத்தே செய்யத்தக்கவை. கண்ணின் உட்புறத்தில் நீந்தும் புழுவை மட்டும் ஊசியால் துளையிட்டு வெளியேற்ற வேண்டும். அது தேர்ந்த கையால் செய்யவேண்டிய வேலை. மரக்காணத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். புதுச்சேரி அண்மையில் உள்ளது; அங்கே குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆயினும் அங்கெல்லாம் செல்லவேண்டிய கண்கள் சிலவே. மற்றவற்றை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலேயே காப்பாற்றலாம், முதல் நாளிலேயே கொண்டுவந்தால்.

மாலைக்கண்

அந்தி வேளையில் மேய்ச்சல் முடிந்து திரும்பும் கன்றோ மாடோ வரப்பில் தடுக்கி விழுந்தால், கொட்டகைக் கம்பத்தில் முட்டிக்கொண்டால், அதைச் சோம்பல் என்று எண்ணி அடிக்காதீர்கள். அது மாலைக்கண்ணாக இருக்கலாம். பச்சைப் புல்லிலும் தழையிலும் உள்ள கரோட்டின் என்னும் சத்து மாட்டின் உடலில் 'ஏ' உயிர்ச்சத்தாக மாறிக் கல்லீரலில் சேமிக்கப்படுகிறது. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு இச்சத்து இன்றியமையாதது. வெயிலில் வெளுத்த வைக்கோலில் இது இல்லையென்றே சொல்லலாம். கோடை முழுதும் வைக்கோலையே தின்னும் மாட்டின் சேமிப்பு சிறிது சிறிதாகக் கரைந்துபோகிறது.

வளர்ந்த மாட்டுக்கு வந்த மாலைக்கண்ணைத் தொடக்கத்திலேயே கண்டு உயிர்ச்சத்து அளித்தால் பார்வை திரும்பும். சினைப்பசுவுக்கு இச்சத்து மிகவும் குறைந்தால் கன்று குருடாகவே பிறக்கக்கூடும். வளரும் கன்றுக்குக் குறைந்தால் எலும்பு தடித்துப் பார்வை நரம்பை நெருக்கிவிடும். அப்பார்வை எம்மருத்துவத்தாலும் மீளாது. எனவே சினைப்பசுவுக்கு நாள்தோறும் பசுந்தழை தரவேண்டும். பிறந்த கன்றுக்குச் சீம்பால் தவறாது ஊட்டவேண்டும். தாயிடமிருந்து இச்சத்து கன்றுக்குப் பெருமளவில் கிடைக்கும் வழி அதுவே.

உவர் நிலத்தில் பசுந்தீவனத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வீட்டுக் கழிநீர் பாயும் இடத்தில் 2 அகத்தியும் 2 முருங்கையும் நட்டால் ஒரு பசுவுக்கு அன்றாடம் கைப்பிடித் தழை கிடைக்கும். ஈரம் தங்கும் தாழ்நிலத்தில் நீர்ப்புல் வளரும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் வேலிமசாலை வரப்போரத்தில் விதைக்கலாம். இவை யாவும் செலவு மிகாத முயற்சிகள்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

கால்நடை வளர்ப்பும் தீவனமும் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் சேரத்தக்கவை என்று 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தனது அட்டவணையிலேயே கூறியிருக்கிறது. ஆகவே இது பிறர் வேலையன்று, நமது வேலையே. நாம் முன்வைப்பவை ஐந்து.

முதலாவது, ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு கண் காவலரைத் தேர்ந்தெடுங்கள். பால் கூட்டுறவுச் சங்கத்திலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ உள்ள ஒருவர் போதும். நீர் வடியும் கண்ணைப் பார்த்த அன்றே அவர் 1962 என்னும் எண்ணுக்கோ அருகிலுள்ள மருந்தகத்துக்கோ தொலைபேசியில் சொல்லவேண்டும். உடையவர் உப்பளத்தில் இருந்தால் மாட்டை ஓட்டிச் செல்வதும் அவர் பொறுப்பு. அதற்கு ஒரு சிறு தொகையை ஊரார் சேர்த்துக் கொடுக்கலாம். ஒருநாள் கூலிக்காக ஒரு கண் போகும் நிலை இவ்வொரு ஏற்பாட்டால் நீங்கும்.

இரண்டாவது, மாட்டை அசையாது நிறுத்தும் மரச்சட்டம் ஒன்றை ஊருக்கு ஒன்றாக நிழலுள்ள இடத்தில் நாட்டுங்கள். நான்கு கம்பமும் குறுக்குக் கட்டைகளும் இருந்தால் போதும். மருத்துவர் வந்தும் மாட்டைப் பிடிக்க முடியாமல் திரும்பும் நிலை அதன்பின் இராது.

மூன்றாவது, ஆடுகள் செல்லும் தடத்தின் இருபுறமும் சீமைக் கருவேலை வேரோடு அகற்றி, மேய்ச்சல் வெளியில் வேம்பும் புங்கமும் நடுங்கள். முள்ளும் குறையும், நிழலும் பெருகும்.

நான்காவது, சாணக் குவியலைக் கொட்டகையை விட்டுத் தள்ளிக் குழியில் இட்டு மூடச் செய்யுங்கள். ஈ பெருகுமிடம் அதுவே.

ஐந்தாவது, கால்நடை முகாமை மாலை நேரத்தில் நடத்துமாறு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். உப்பளத்தார் ஓய்ந்திருக்கும் நேரம் அதுவே. மாலைக்கண் உள்ள மாட்டைக் கண்டறியவும் அந்தி வேளையே ஏற்றது. வழியில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கிடத்தி மாடுகளை ஓட்டினால், தடுக்குவது எது என்று உடனே தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். ஒரு கண் இழந்த பசு பாலை இழப்பதில்லை. கன்று ஈனுவதையும் இழப்பதில்லை. கண் போயிற்று என்று கேட்ட விலைக்குத் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். பார்வை உள்ள பக்கமாகவே அதை அணுகுங்கள். குரல் கொடுத்துவிட்டுத் தொடுங்கள். தீனித்தொட்டியின் இடத்தை மாற்றாதீர்கள். அது பழகிக்கொள்ளும். முன்னர் நாம் கூறிய அம்மையாரின் பசு இன்றும் அவர் வீட்டில் கறந்துகொண்டுதான் இருக்கிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நாட்டு வழக்கு. வாய் பேசாத உயிருக்கு வலி வந்தால் அது தன் கண்ணீரைத் தவிர வேறெதனாலும் நமக்குச் சொல்ல இயலாது. அக்கண்ணீரை முதல் நாளிலேயே பார்த்து மதிப்பதற்குப் பெரிய கட்டடமோ பெருந்தொகையோ வேண்டுவதில்லை. அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தின் பொருள் நிரலில் கண் காவலர் தேர்வை முதலாவதாக எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கிறோம்.